சூழலியல் சிந்தனை எங்கிருந்து வந்தது? டெல்டாவில் இருந்து படிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், மற்றபடி விவசாயிகள். இன்று நாம் சுற்றுச்சூழல் என்று பேசுவதெல்லாம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதுதான் படிப்பு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இது சூழலியல் பாடமா, வரலாற்றுப் பாடமா?

வரலாறுதான். ஒரு குளத்தில் எத்தனை வகை மீன் என்று எண்ணுவது சூழலியல். குளம், மீன், கரையில் நிற்கிற ஆள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று மனிதர்களுக்கு எப்போது தோன்றியது, ஏன் தோன்றியது என்று தேடுவது எங்கள் வேலை. எந்தக் கருத்தை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்போம். எந்த ஊரில் இருந்து சொன்னார்கள், எந்த ஆண்டில் சொன்னார்கள், எதைக் கண்டு பயந்து சொன்னார்கள்.

மூன்றாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் நிலம். அப்பாவின் வயல் முத்துப்பேட்டைக்குப் போகிற வழியில், சுத்தமான கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. 2012-இல் தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. ஆண்டுக்காண்டு அப்பா அந்த வாரத்தில் வாய்க்கால் தலைப்புக்குப் போய் நின்றுவிட்டு வருவார், வந்து ஒன்றும் பேசமாட்டார். தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே ஆரம்பித்தேன். பெரிய சிந்தனையாளர்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஏதோ ஒன்று காணாமல் போன பிறகு யோசித்திருக்கிறார்கள்.

'சூழலியல்' என்கிற சொல்லை முதலில் சொன்னது யார்?

1866-இல் ஜெர்மனியின் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல். கிரேக்க மொழியில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு, அதிலிருந்து 'எக்காலஜி'யை உருவாக்கினார். 'எக்கனாமி'க்கும் அதே வீடுதான் வேர். அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, 1749-இல், ஸ்வீடனில் தாவரவியலாளர் லின்னேயஸின் பெயரில் 'இயற்கையின் பொருளாதாரம்' என்று ஒரு சிறு நூல் வந்துவிட்டது. எந்த உயிர் எதைத் தின்கிறது, எதற்கு உதவுகிறது, வீட்டு வரவு செலவு போல இயற்கை எப்படிக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது என்று அது பேசுகிறது. ஆக, சொல் வருவதற்கு முன்பே எண்ணம் இருந்திருக்கிறது.

ஹேக்கலைப் பற்றி இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கி எழுதியவரும் அவரே. அதை மறைத்துவிட்டுப் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

சங்க காலத்திலேயே திணை வகுத்தவர்கள் நாம். அப்புறம் எதற்கு ஜெர்மனிக்காரரிடம் போகவேண்டும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி, கோபத்தோடும் கேட்கிறார்கள். கோபம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானும் இங்கேதான் தொடங்கினேன்.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு, தொழில், பறை, யாழ் எல்லாம் கருப்பொருள். மனிதர்களின் பிரிவும் ஊடலும் உரிப்பொருள். ஒரு நிலத்தின் பறவையும் அங்கே வாழ்கிறவளின் மனசும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கின்றன, அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அது கவிதைக்கான இலக்கணம். நாரை வந்தால் பாட்டில் எந்த உணர்வு வரும் என்று அது சொல்லும். நாரை குறைந்தால் நண்டு என்ன ஆகும் என்று அது கேட்கவில்லை, அப்படிக் கேட்பது அதன் வேலையும் இல்லை. அந்தக் கேள்வி எப்போது பிறந்தது என்பதுதான் நம் படிப்பு.

ஒரு இடத்தில் மட்டும் நான் அசந்துபோய் நின்றேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்கு நடக்கிற வழியில், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்கிற வடிவம் கொள்ளும் என்று ஒரு செய்தி வருகிறது. அதாவது பாலை தனி நிலம் இல்லை, நல்ல நிலம் கெட்டால் வருவது. நிலம் மாறும், கெடும் என்கிற கவனிப்பு அங்கே தெளிவாக இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லலாம். அதற்கு மேல் போய் 'அன்றைக்கே சூழலியல் இருந்தது' என்று சொன்னால், அந்தப் புலவர் சொன்னதையும் இழக்கிறோம், பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்ததையும் இழக்கிறோம்.

டெல்டாவில் பழைய ஆதாரம் என்று எதைப் பார்க்கலாம்?

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு திரும்பாமல் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற எழுத்தைப் படியுங்கள். கோயிலுக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது, 1010-ஐ ஒட்டிய காலம். ஒவ்வொரு ஊருக்கும் மொத்த அளவைச் சொல்லிவிட்டு, இவற்றைக் கழித்து மீதிக்குத்தான் வரி என்று ஒரு வரிசை வரும். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு.

'ஊடறுத்துப் போன வாய்க்கால்' என்கிற சொல்லை நான் விரலால் தொட்டுப் படித்தேன். ஓர் ஊருக்குள் புகுந்து இன்னோர் ஊருக்குப் போகிற வாய்க்கால் அது. அது இந்த ஊரில் ஓடினாலும் இந்த ஊரின் விளைநிலக் கணக்கில் சேராது. குளத்தையும் வாய்க்காலையும் வரிக்கணக்கில் இருந்து ஒதுக்கி வைத்த நிர்வாகம் ஆயிரம் வருஷம் முன்பு இங்கே இருந்திருக்கிறது.

அதே வரிசையில் சேரிகளும் தனியாக நிற்கின்றன. சில ஊர்களுக்குத் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறது. குளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கண் அடுத்த சொல்லையும் படிக்கவேண்டும். பொதுவில் வைத்த தண்ணீர் யாருக்குப் பொது என்று அந்தக் கல்லே கேட்க வைக்கிறது. எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி இதைப் படித்த அன்று, "அக்கா, எங்க தெரு இந்தக் கணக்குல எங்க வருதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொன்னாள். அவள் இப்போது தன் ஊரின் சுடுகாட்டுப் பாதையைப் பற்றித்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

குடிமராமத்து நல்ல முறைதானே? அதை ஏன் சிலர் விமர்சிக்கிறார்கள்?

ஊரே சேர்ந்து தூர்வாரியது நல்லதுதான். ஆனால் மண்வெட்டி பிடித்தவர்கள் யார், கரையில் நின்று மேற்பார்த்தவர்கள் யார் என்று கேளுங்கள். 1858-இல் சென்னை மாகாணத்தில் இந்த வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாக அழைக்கச் சட்டமே போட்டார்கள். சட்டம் போட்டு அழைக்கவேண்டி வந்தது என்றால் எல்லாரும் விரும்பி வந்து செய்த காலம் அது இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வெளிநாட்டில் யாரில் இருந்து தொடங்கலாம்?

ஜெர்மானிய இயற்கை ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். தயங்காமல் சொல்வேன்.

1800-இல் அவர் வெனிசுவேலாவில் வலென்சியா ஏரிக் கரைக்குப் போகிறார். ஏரி வருஷா வருஷம் வற்றிக்கொண்டே போகிறது. தரைக்கடியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று உள்ளூரில் பேச்சு. ஹம்போல்ட் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு விதமாக எழுதுகிறார்: சுற்றிலும் காட்டை வெட்டிவிட்டீர்கள், ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீரைத் தோட்டங்களுக்குத் திருப்பிவிட்டீர்கள், மரம் போனதால் மழை பெய்தால் மண்ணோடு அடித்துக்கொண்டு ஓடுகிறது, வெயிலில் ஊற்று வற்றுகிறது. காடு, மழை, மண், பயிர், சந்தை என்று ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டிய ஆரம்பகால எழுத்துகளில் இது முக்கியமானது. எங்கள் திண்ணையில் இதைப் படித்தபோது கடைமடை விவசாயி ஒருவர் உடனே சொன்னார்: "தலைமடையில எவனோ மடைய திறந்துட்டான்னு சொல்லுங்க." அவ்வளவுதான் விஷயம், இருநூறு வருஷம் முந்தைய ஜெர்மானியர் ஒருவரின் எழுத்து அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

அவருக்கும் முன்னால் தீவுகள் இருக்கின்றன. மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் காட்டை வெட்டித் தீர்த்ததைப் பார்த்து, 1769-இல் பியர் புவாவ்ர் என்கிற நிர்வாகி காட்டைக் காக்க ஆணை போட்டார். தீவு சின்னது, வெட்டினால் முடிந்துவிடும் என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஐரோப்பியர்களுக்குச் சூழல் பற்றிய பயம் ஊரில் வந்ததை விடக் காலனிகளில் சீக்கிரம் வந்தது என்று ரிச்சர்ட் குரோவ் என்கிற வரலாற்றாசிரியர் 1995-இல் விரிவாக எழுதினார். படித்தே ஆகவேண்டிய வாதம்.

அந்தப் பயத்தின் இன்னொரு பக்கமும் நமக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் 1856-இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்கிற ஸ்காட்லாந்து மருத்துவர் வனப் பாதுகாவலர் ஆனார். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்துவிட்டது, தண்டவாளத்துக்கு அடியில் போட மரம் வேண்டும், கப்பலுக்கும் மரம் வேண்டும். காடு தீர்ந்துவிடும் என்று பயந்தார்கள், நியாயமான பயம். ஆனால் பழியை மலையில் குமரிச் சாகுபடி, அதாவது காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடுவது, செய்தவர்கள் மேல் போட்டார்கள். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குள் போய்வந்தவர்கள் குற்றவாளி ஆனார்கள். காட்டைக் காப்பது என்ற எண்ணமும் காட்டில் இருந்தவர்களை வெளியே தள்ளுவது என்ற வேலையும் ஒன்றாகவே வளர்ந்தன. இதைச் சொல்லாத எந்தச் சூழலியல் வரலாற்றையும் நான் நம்பமாட்டேன்.

ஆர்தர் காட்டனை இதில் சேர்க்கலாமா? அவர் இன்ஜினியர் ஆயிற்றே.

கட்டாயம் சேர்க்கவேண்டும். கொள்ளிடம் காவிரியை விடத் தாழ்வு. தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, காவிரியில் மணல் மேடு தட்டியது. 1836-இல் தொடங்கி முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் காட்டன் முன்னின்று கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டிய பழைய ஆட்களிடம் இருந்தே கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் பாருங்கள், மேலணை கட்டிய பிறகு காவிரிக்குள் தண்ணீர் அதிகமாக வந்து கரையை அரிக்க ஆரம்பித்தது, அதைச் சரிசெய்யப் பிறகு காவிரி, வெண்ணாறு தலைப்புகளில் மதகுகள் கட்டவேண்டி வந்தது. 1934-இல் மேட்டூர் வந்தது, வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆற்றில் ஓர் இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் கேட்கும் என்பதைப் புத்தகத்துக்கு முன்னாலேயே டெல்டா கற்றுக்கொண்டது.

டெல்டாவில் காடே இல்லையே, எல்லாம் மனுஷன் வெட்டிய வாய்க்கால். இங்கே என்ன 'இயற்கை' இருக்கிறது?

கோடியக்கரையில் காடு இருக்கிறது, முத்துப்பேட்டையில் அலையாத்தி இருக்கிறது. அது ஒரு பக்கம்.

ஆனால் கேள்வி அதைவிட ஆழமானது. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல், செடிகொடிகளை அப்படியே விட்டால் படிப்படியாக வளர்ந்து ஒரு முதிர்ந்த நிலைக்குப் போய்ச் சேரும், அந்தக் கூட்டமே ஒரு பெரிய உயிர் மாதிரி என்று எழுதினார். இங்கிலாந்தில் ஆர்தர் டேன்ஸ்லிக்கு அது பிடிக்கவில்லை. 1935-இல் அதை மறுத்து எழுதிய கட்டுரையில்தான் 'ஈகோசிஸ்டம்', அதாவது சூழல் மண்டலம், என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். உயிரும் மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்த ஒரு அமைப்பு, மனிதனும் அதில் ஒரு பெரிய சக்தி. டேன்ஸ்லியின் ஊர் மேய்ச்சல் நிலமும் வேலியும் நிறைந்தது, அதனால் மனிதன் தொடாத இயற்கையை அளவுகோலாக வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எந்த ஊரில் இருந்து சொன்னார் என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

1989-இல் ராமச்சந்திர குஹா, அமெரிக்கர்களின் 'மனிதர் இல்லாத காடு' என்கிற ஆசையை இந்தியாவில் கொண்டுவந்து நட்டால் ஏழைகள்தான் வெளியே போகவேண்டி வரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். டெல்டாக்காரர்கள் டேன்ஸ்லியையும் குஹாவையும் அடுத்தடுத்துப் படித்தால் நல்லது. நமக்கு இயற்கை என்றால் வயலும் வரப்பும் நண்டு வளையும்தான்.

உலகச் சூழலியல் சிந்தனையில் தஞ்சாவூர்க்காரர் யாராவது உண்டா?

உண்டு, ஊர்க்காரர்களுக்கே தெரியாத ஆள். ஜே.சி. குமரப்பா. 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, 1929-இல் காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். ஜெயிலில் இருந்து எழுதி 1945-இல் வெளிவந்த அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலுக்குக் காந்தி முன்னுரை கொடுத்தார்.

அவர் பொருளாதாரத்தை இரண்டாகப் பார்க்கிறார். தேங்கிக் கிடக்கிற வளத்தை எடுத்துச் செலவழிப்பது ஒன்று: நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையச் சண்டை வரும், யுத்தம் வரும். ஓடுகிற வளத்தில் இருந்து வாழ்வது இன்னொன்று: மரம், ஓடும் நீர், ஆளின் உழைப்பு, மாட்டின் உழைப்பு. ஆற்றங்கரையில் பிறந்த ஒருவரிடம் தேக்கம், ஓட்டம் என்கிற இந்த உவமை வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை, இது என் அபிப்பிராயம். 'வளர்ச்சிக்கு எல்லை உண்டு' என்று உலகம் உரக்கப் பேசியது 1972-இல், அதற்கு 27 வருஷம் முந்தைய புத்தகம் இது. பிறகு பிரிட்டனில் ஷூமாக்கர் என்கிற பொருளாதார அறிஞர் பௌத்தப் பொருளாதாரம் பற்றிக் கட்டுரை எழுதியபோது குமரப்பாவை மேற்கோள் காட்டினார், அந்தக் கட்டுரை 1973-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் இருக்கிறது. மேற்கில் ஷூமாக்கரைப் படித்து வளர்ந்த பசுமை இயக்கத்துக்காரர்கள் தெரியாமலேயே தஞ்சாவூர்க்காரர் ஒருவரைப் படித்திருக்கிறார்கள்.

மீத்தேன் கிணறு வேண்டாம் என்று மன்னார்குடியில் கூட்டம் போட்ட நாட்களில் குமரப்பாவின் அந்தப் பக்கத்தை யாராவது எழுந்து வாசித்திருக்கக்கூடாதா என்று இன்றும் எனக்கு ஆதங்கம்.

இயற்கை விவசாயம் நம்மாழ்வார் கொண்டுவந்ததா, வெளிநாட்டில் இருந்து வந்ததா?

போய்விட்டுத் திரும்பி வந்தது. வோல்க்கர் என்கிற ஆங்கில வேளாண் வேதியியலாளர் இந்திய விவசாயத்தைத் திருத்த யோசனை சொல்ல வந்தவர், 1893-இல் வெளிவந்த அறிக்கையில் இங்கத்திய குடியானவனின் கவனத்தைப் புகழ்ந்து எழுதிவிட்டார். 1905-இல் பிகாரில் பூசாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவார்ட், குடியானவர்களையும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்கள் என்றே சொன்னார். இந்தூரில் மட்கு உரம் செய்கிற முறையை ஒழுங்குபடுத்தி 1940-இல் ஒரு நூல் எழுதினார், மேற்கின் ஆர்கானிக் இயக்கம் அதில் இருந்து வளர்ந்தது.

நம்மாழ்வார் 1938-இல் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, இந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று விட்டு வந்தவர். ஜப்பானின் இயற்கை விவசாயி ஃபுகுவோகாவையும் மதித்தார், ஊர் விவசாயியையும் மதித்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் இறந்தார், அப்போதும் மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்தில்தான் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து, ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் கைக்குக் கை கொடுத்தார். விதை எப்படிப் போய்த் திரும்புகிறதோ கருத்தும் அப்படித்தான் போய்த் திரும்பியிருக்கிறது.

மண்புழுவைப் பற்றி ஒன்று: டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை 1881-இல் மண்புழுவுக்காக எழுதினார். தமிழில் சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயம் நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவை உழவருக்கெல்லாம் மேலான உழைப்பாளியாக வைத்து ஒரு பாத்திரத்தைப் பேச விடுகிறார். பத்து வருஷ இடைவெளி. எம்.ஏ. படிக்கிறவர்கள் யாராவது இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பசுமைப் புரட்சிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொன்னால் போதாதா?

போதாது. 1960-களின் தொடக்கத்தில் நாட்டில் முதலில் பாக்கேஜ் திட்டம் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம், விதை, கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தது. ஆடுதுறையில் இருந்து ஏ.டி.டி. 27 என்கிற நெல் ரகம் வந்து குறுவையைப் பரவலாக்கியது. அந்தப் பஞ்ச காலத்தில் ரேஷனுக்கு வரிசையில் நின்றவர்களிடம் பேசினால், அதிக விளைச்சல் என்பது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று புரியும். அதை இழிவாகப் பேச எனக்கு வாய் வராது.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1968 ஜனவரியில், வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில், மண்ணைக் கவனிக்காமல், வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால், கண்மூடித்தனமாக மருந்து அடித்தால், பல உள்ளூர் ரகங்களைத் தூக்கிவிட்டு ஒன்றிரண்டு ரகங்களைப் பரப்பினால் ஆபத்து என்று எச்சரித்தார். புரட்சியை முன்னின்று நடத்தியவரே சொன்னது. அதே 1968, டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், நெல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விளைச்சல் கூடிய நேரத்தில் கூலி ஏன் கூடவில்லை என்ற கேள்வி சூழலியல் வரலாற்றுக்கு வெளியே இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி அவர்கள் முன்னால் வைப்பேன்.

ரேச்சல் கார்சன் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நமக்கும் அவருக்கும் என்ன?

அமெரிக்க உயிரியலாளர் அவர். 1962-இல் டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் பறவைகளையும் மீன்களையும் என்ன செய்கின்றன என்று எழுதினார், 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா இருக்கிறார். கார்சன் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் வயலுக்குள் எண்டிரின் என்கிற பூச்சிமருந்தை முதல் தடவை அடித்த பருவத்தை அவரால் சொல்ல முடியும், ஏனென்றால் அவருடைய தங்கை கல்யாணம் அந்த மாதம். சம்பா நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் கெண்டையும் அயிரையும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன, பிள்ளைகள் சந்தோஷமாகக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார்கள், அவருடைய அம்மா கூடையைத் தட்டிவிட்டு வாய்க்கால் கரையில் குழி வெட்டிப் புதைத்தாள். நண்டு அடுத்த வருஷம் வரப்பில் வளை போடவில்லை என்றும் சொன்னார். இதை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கார்சனைப் படிக்கிற வாரம் இதையும் சேர்த்துக் கேட்போம்.

நதியைத் தாயாகக் கும்பிடுகிற பண்பாடு இது. மேற்கின் மதம்தான் இயற்கையைக் கெடுத்தது என்கிறார்களே?

1967-இல் லின் ஒயிட் என்கிற வரலாற்றாசிரியர், சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்திய கிறித்தவத்தில் இருக்கிறது, மனிதனை இயற்கைக்கு எஜமானாக வைத்தது அதுதான் என்று எழுதினார். அதே கட்டுரையில் அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் புனிதராக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அதையே அறிவித்தார்.

ஒயிட் எழுதிய அடுத்த ஆண்டே, 1968-இல், யி-ஃபூ துவான் என்கிற புவியியலாளர் பதில் போல ஒன்று எழுதினார். இயற்கையைப் போற்றிய சீனாவிலும் காடு அழிந்ததே, நம்புவதும் நடப்பதும் ஒன்றாக இல்லையே என்று. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் காலையில் ஏதாவது ஒரு படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். காப்பரிசி வைத்த வாழையிலைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையும் கிடக்கும். கும்பிட்டது உண்மை, போட்டதும் உண்மை.

படிப்பால் களத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நாகப்பட்டினம் கடலோரத்தில் நெல் வயல்களை வாங்கி உப்புத் தண்ணீர் ஏற்றி இறால் பண்ணை போட்டபோது, குடிநீரும் பக்கத்து வயலும் உப்பானது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார், அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போராடினார்கள். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது, கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்றது. பிறகு 2005-இல் வந்த சட்டம் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது, அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் கெடுத்தவர் கட்டவேண்டும் என்கிற, உலக மாநாடுகளில் பேசப்பட்ட கொள்கை நாகப்பட்டினத்து உப்பு வயலுக்கு வந்து சேர்ந்தது உண்மை.

வேலை கிடைக்குமா?

நேராகக் கிடைக்காது. ஆசிரியர், பத்திரிகையாளர், வழக்கறிஞர், வேளாண் அதிகாரி என்று எந்த வேலையில் இருந்தாலும் பயன்படும்.

ஆங்கிலம் சரளமாக வராது. எப்படித் தொடங்குவது?

வாசிக்கிற பகுதியை முந்தின வாரமே தமிழில் சுருக்கி எழுதி வைத்துவிடுகிறோம், அதனால் பயப்படவேண்டாம். தொடங்குவதற்குப் புத்தகத்தை விட ஒரு வாய்க்கால் நல்லது. உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தை வாங்குங்கள், கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் குளம், வாய்க்கால் என்று எழுதியிருக்கிற புல எண்களை எடுத்துக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள். சிலது இருக்கும், சிலது மேல் வீடு இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய காலத்து நீர்க்கட்டிகள், அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட்டவர்கள், யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், நூலகம் எங்கேயும் போய்விடாது. கேட்கும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் நல்லாத்தான் இருந்தது என்பார்கள். "எந்த மடையில சண்டை வந்தது" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் 1906-இல் ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியரில் பாசனம் பற்றிய பகுதியை எடுத்து, அவர்கள் சொன்னதோடு வைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள். ஒரு நோட்டும், உங்கள் ஊர் வரைபடத்தின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். இந்த மாதம் ஹம்போல்ட்டின் ஏரியைத்தான் மறுபடி படிக்கிறோம், தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.